யாரும் வைக்காத 512

இரவு 1.50. சென்னையை ஒட்டிய ஒரு தொழிற்பேட்டை. கேபிள் டிவி நிறுவனம் ஒன்றின் ஹெட்எண்ட். மூன்றாவது மாடியில் மட்டும் விளக்கு எரிகிறது.

சுவர் முழுக்கத் திரைகள். ஒவ்வொரு திரையும் பல கட்டங்களாகப் பிரிந்திருக்கிறது. ஒரு கட்டத்தில் முழங்கால் வலித் தைலம் விற்கிறார்கள். ஒன்றில் கறுப்பு வெள்ளைப் பாட்டு. ஒன்றில் அபிஷேகம், பகலில் நடந்தது, மறுஒளிபரப்பு. செய்தி வாசிக்கும் பெண் ஒலியில்லாமல் வாசிக்கிறார். கட்டங்களின் ஓரத்தில் பச்சைக் கோடுகள் ஏறி இறங்குகின்றன. ஒலி இருக்கிறது என்பதற்கு அவைதான் சாட்சி.

இரண்டு பேர். பெரியவருக்கு ஐம்பதைத் தாண்டியிருக்கும். சட்டைக்கு மேல் கையில்லாத ஸ்வெட்டர். சர்வர் அறைக் குளிருக்காக வாங்கியது. சென்னையில் அதைப் போட வேறு இடமில்லை. இளைஞனின் மடியில் லேப்டாப். அதன் மூடியில் ஒட்டிய ஸ்டிக்கர் பாதி உரிந்திருக்கிறது.

மேஜையில் அனுமதித் தாள். பராமரிப்பு நேரம்: 2.00 முதல் 4.00 வரை. வேலை: நெட்வொர்க் கார்டின் டிரைவரைப் புதுப்பித்தல். பாதிக்கப்படும் சேனல்கள்: 24. மாற்று ஏற்பாடு என்ற கட்டத்தில் பேனாவால் ஒரு கோடு. மாற்றுச் சர்வர் பழுதுபார்க்கப் போயிருக்கிறது. ரேக்கில் அதன் இடத்தை ஒரு வெற்றுத் தகடு மூடியிருக்கிறது.

இளைஞன் பழைய பதிவுகளை ஓடவிடுகிறான். மாதத்துக்கு ஒன்றிரண்டு சம்பவம். எல்லாம் ஒரே மாதிரி. அனுப்பும் வரிசை சில நொடிகளாக நகரவில்லை என்று கர்னலின் வாட்ச்டாக் புகார் சொல்கிறது. டிரைவர் கார்டை ரீசெட் செய்கிறது. அடுத்து, லிங்க் வந்துவிட்டது, 10 கிகாபிட் என்று ஒரு வரி. அந்த நேரம் சுவரில் 24 கட்டங்கள் ஒரு முறை துள்ளியிருக்கும். அவ்வளவுதான்.

"ரீசெட் ஆனப்பல்லாம் செட்டிங் எல்லாம் அப்படியேதான் இருந்திருக்குண்ணே."

"அதான் சொல்றேன். பயப்படாம பண்ணு."

ரீசெட்டில் கார்டு எல்லாவற்றையும் மறக்கிறது. டிரைவர் மறப்பதில்லை. யார் என்ன கேட்டார்கள் என்பது டிரைவரின் நினைவில் இருக்கிறது. கார்டு விழித்ததும் ஒவ்வொன்றாக மறுபடி எழுதிக்கொடுத்துவிடுகிறது. கேட்டவர்கள் யாரும் நன்றி சொல்வதில்லை. நடப்பதே யாருக்கும் தெரிவதில்லை.

இன்றைக்கு மாற்றப்போவது அந்த டிரைவரை.

2.04. இளைஞன் கட்டளையைத் தட்டுகிறான். பழைய டிரைவரை இறக்கும் ஆர்எம்மாட். புதியதை ஏற்றும் மாட்ப்ரோப். முதலாவதைத் தட்டிவிட்டு விரல் என்டர் பக்கம் போகிறது.

"ரெண்டையும் ஒரே வரியில போடு தம்பி."

"நான் மேனேஜ்மென்ட் போர்ட்லதாண்ணே இருக்கேன். லைன் கட் ஆகாது."

"இருந்தாலும் ஒரே வரியில போடு."

எப்போதோ ஒரு சர்வரை இறக்கிவிட்டு, அதை ஏற்ற ஆட்டோ பிடித்துப் போனவரின் குரல். இளைஞன் ஒரே வரியில் போடுகிறான். என்டர்.

24 கட்டங்கள் கறுக்கின்றன. அபிஷேகம் பாதியில் நிற்கிறது. தைலக்காரர் மட்டும் தொடர்ந்து பேசுகிறார். அவர் வேறு சர்வரில் இருக்கிறார்.

கார்டு திரும்பி வருகிறது. பெயர் அதேதான்: இஎன்பி3எஸ்0எஃப்0. ஐபி முகவரியும் வந்துவிட்டது. கோப்பில் எழுதியிருந்தது, ஆகவே வந்தது. எம்ஏசி முகவரியும் அதேதான். அது கார்டிலேயே பதிந்தது. ஆனால் கர்னல் கொடுக்கும் வரிசை எண் முன்பு 2. இப்போது 6. கர்னலின் கணக்கில் பழைய கார்டு போய்விட்டது. வந்திருப்பது புது ஆள்.

இரண்டு நிமிடம் ஆகிறது. கட்டங்கள் கறுப்பாகவே இருக்கின்றன. பெரியவர் திரைக்குப் பக்கத்தில் போய் நிற்கிறார். பக்கத்தில் போனால் படம் வரும் என்பதுபோல்.

"மல்டிகாஸ்ட்ல சேர்ந்திருந்ததெல்லாம் போயிருக்கும்ணே. சர்வீஸை ரீஸ்டார்ட் பண்ணணும்."

ஒவ்வொரு சேனலின் ஓடையையும் எனக்கு அனுப்பு என்று சொல்லிவைத்திருந்தது பழைய 2ஆம் எண். அது போனதோடு அந்த வேண்டுகோளும் போயிற்று. சர்வீஸ் மறுபடி தொடங்குகிறது. கட்டங்கள் ஒன்றொன்றாக எரிகின்றன. இளைஞன் நாற்காலியில் சாய்கிறான்.

சாய்ந்தவன் நிமிர்கிறான். செய்தி வாசிக்கும் பெண்ணின் தாடை வலது பக்கம் நகர்ந்திருக்கிறது. அடுத்த நொடி சரியாகிறது. பிறகு நெற்றியில் பச்சைச் சதுரங்கள். கறுப்பு வெள்ளைப் பாட்டில் கதாநாயகன் படியிறங்குகிறார். இடுப்புக்குக் கீழே இன்னும் மேல்படியிலேயே நிற்கிறது.

2.17. போன் அடிக்கிறது. ஏதோ ஊரின் கேபிள் ஆபரேட்டர்.

"அண்ணே, பாட்டு சேனல் உடைஞ்சு உடைஞ்சு வருது."

"மெயின்டனன்ஸ் போகுதுப்பா. நாலு மணிக்குள்ள சரியாயிரும்."

"கல்யாண மண்டபத்துல போட்டு விட்ருக்காங்கண்ணே. சமையல்காரங்க முழிச்சிட்டிருக்காங்க."

பெரியவர் போனை வைக்கிறார். ஸ்வெட்டரைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு சர்வர் அறைக்குப் போகிறார். ரேக்கின் பின்பக்கம். மஞ்சள் ஃபைபர் ஒன்றைக் கழற்றுகிறார். பாட்டு சேனல் நின்றுபோகிறது. பேனா போன்ற கிளீனரை முனையில் செருகி அழுத்துகிறார். ஒரு க்ளிக். இன்னொரு முறை. இன்னொரு முறை. வாயால் ஊத உதடு குவிகிறது. பழக்கம் நினைவுக்கு வந்து நிறுத்திக்கொள்கிறார். ஃபைபரைத் திரும்பச் செருகுகிறார். கண்ணாடிக் கதவு வழியே இளைஞனைப் பார்க்கிறார். இளைஞன் தலையை இடவலமாக ஆட்டுகிறான்.

திரும்பும் வழியில் ஸ்விட்ச்சின் கன்சோலைத் தொடுகிறார். எதுவும் மாற்றவில்லை, போர்ட்டில் பிழை எதுவும் இல்லை என்று பார்க்கிறார், அவ்வளவுதான். ஆனாலும் வெளியே வருமுன் விரல்கள் டபிள்யூ, ஆர் என்று தட்டுகின்றன. சிஸ்கோ ஸ்விட்ச்சில் ஓடும் அமைப்பு ரேமில் இருக்கும். சேமித்த அமைப்பு என்விரேமில். இந்த இரண்டு எழுத்தைத் தட்டினால் முதலாவது இரண்டாவதில் எழுதப்படும். சேமித்தாயிற்று என்கிறது ஸ்விட்ச். அவர் இன்னொரு முறை தட்டுகிறார். மறுபடி சேமித்தாயிற்று என்கிறது.

2.38. இளைஞன் புள்ளிவிவரங்களைப் பார்க்கிறான். கார்டு தவறவிட்ட பாக்கெட்டுகளின் எண்ணிக்கை ஏறிக்கொண்டிருக்கிறது. நூறு. நூற்று நாற்பது. இருநூற்றுப் பத்து. டிரைவரை ஏற்றிய நிமிடத்திலிருந்துதான் கணக்கு. அதற்கு முன் எத்தனை இருந்தது என்று பார்க்க வழியில்லை. கணக்கும் பழைய டிரைவரோடு போயிற்று.

ஒரு பாக்கெட்டில் 1316 பைட் வீடியோ. 188 பைட் கொண்ட துண்டுகள் ஏழு. ஒன்று விழுந்தால் ஏழும் விழுகின்றன. தாடை நகர்வது அந்த ஏழில்தான்.

"புது டிரைவர்லதான் ஏதோ கோளாறுண்ணே. பழசுக்கே திரும்பிடலாமா?"

பெரியவர் பதில் சொல்லவில்லை. ஃபிளாஸ்க்கைத் திறந்து மூடியில் டீ ஊற்றுகிறார். ஆவி வரவில்லை. குடிக்கிறார்.

"ரிங் பாரு."

இளைஞன் ஈத்டூலை ஓட்டுகிறான். 1998இல் டேவிட் மில்லர் எழுதத் தொடங்கிய நிரல். கேட்டால் காட்டும். சொன்னால் செய்யும். எதையும் எழுதி வைக்காது. அது அதன் வேலையில்லை.

திரையில் இரண்டு பகுதி. மேலே, வைக்கக்கூடிய அதிகபட்சம்: 4096. கீழே, இப்போது இருப்பது: 512.

வந்த பாக்கெட்டைச் சர்வர் எடுத்துக்கொள்ளும் வரை கார்டு அதை வைக்க 512 இடம். அதுதான் ரிங். 24 சேனலும் ஒரே சீராக வந்தால் தாராளம். ஓடைகள் அப்படி வருவதில்லை, கொத்தாக வருகின்றன. 10 கிகாபிட் வேகத்தில் கொத்தாக வந்தால் 512 இடமும் நிரம்ப அரை மில்லி நொடியும் கொஞ்சமும் போதும். அந்த நேரத்தில் புரொசசர் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தால் 513ஆவது கீழே விழும்.

"இதை யாருண்ணே 512ன்னு வச்சது?"

"யாரும் வைக்கல."

இளைஞன் திரும்பிப் பார்க்கிறான்.

"யாரும் வைக்கலன்னா 512தான்."

பெரியவர் போனை எடுக்கிறார். ஒரு பெயரைத் தேடுகிறார். இந்தச் சர்வரை நிறுவியவர். இப்போது துபாயில் இருக்கிறார். அங்கே மணி ஒன்றேகால். வாட்ஸ்ஆப்பில் செய்தி போகிறது: 'தம்பி, நலமா? ரிங் எவ்வளவு வச்சிருந்த?' ஒற்றை டிக். அதற்கு முந்தைய செய்தி பொங்கல் வாழ்த்து. அதற்கும் முந்தையது அதற்கு முந்தைய பொங்கல் வாழ்த்து.

வேலையைக் கைமாற்றிக் கொடுத்தபோது எழுதிய ஆவணம் இருக்கிறது. முப்பது பக்கம். ரேக் படம் இருக்கிறது. ஐபி முகவரிகள் இருக்கின்றன. ஏசி மெக்கானிக்கின் எண் இருக்கிறது. ரிங் இல்லை.

இளைஞன் ரூட் பயனரின் கட்டளை வரலாற்றைத் திறக்கிறான். இந்தச் சர்வரில் அந்தக் கோப்பு 2000 வரி வரைதான் கொள்ளும். அதற்குமேல் போனால் பழைய வரிகள் மேலிருந்து உதிரும். ஈத்டூல் என்று தேடுகிறான். ஐந்து வரிகள் வருகின்றன. முதலாவது 41ஆம் வரியில். இன்னும் சில வாரம் போயிருந்தால் அது இருந்திருக்காது.

இரண்டு பேரும் குனிகிறார்கள். தேதி இல்லை. வரிசை மட்டும் இருக்கிறது.

ரிங் 1024.

ரிங் 2048.

ஜிஆர்ஓ ஆஃப்.

ஜிஆர்ஓ ஆன்.

ரிங் 4096.

பெரியவரின் விரல் ஒவ்வொரு வரியாகக் கீழே இறங்குகிறது. பாக்கெட்டுகளைச் சேர்த்து ஒன்றாகக் கொடுக்கும் ஜிஆர்ஓ, ஆஃப் என்ற இடத்தில் நிற்கிறது. ஆன் என்ற இடத்துக்கு வந்ததும் தலை லேசாக ஆடுகிறது. கடைசி வரிக்குப் பிறகு ஈத்டூல் இல்லை. வீட்டுக்குப் போயிருக்க வேண்டும்.

3.02. இளைஞன் 4096 என்று தட்டுகிறான். கார்டு ஒரு கணம் கீழே போய் மேலே வருகிறது. 24 கட்டங்களும் துள்ளுகின்றன. செய்தி வாசிக்கும் பெண்ணின் தாடை இருந்த இடத்திலேயே இருக்கிறது. எண்ணிக்கை 31,877இல் நிற்கிறது. இருவரும் அந்த எண்ணையே பார்க்கிறார்கள். 31,877. 31,877. ஒரு நிமிடம் கழிந்தும் 31,877.

"சரியாயிருச்சு. காலையில பார்த்துக்கலாம் தம்பி."

"ஃபைல்ல போட்டுடலாம்ணே. இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு."

பெரியவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். அனுமதித் தாளைப் பார்க்கிறார். போனைப் பார்க்கிறார், இன்னும் ஒற்றை டிக்.

"போடு."

இளைஞன் புதிய கோப்பு ஒன்றைத் திறக்கிறான். சிஸ்டம்டியின் நெட்வொர்க் அடைவில், லிங்க் என்று முடியும் கோப்பு. இந்த எம்ஏசி முகவரியுள்ள கார்டு வந்தால் வாங்கும் ரிங்கை 4096 ஆக்கு. நான்கு வரி. கார்டு எப்போது தோன்றினாலும் யூடெவ் இதைப் படித்துச் செய்துவிடும். சர்வர் புதிதாக எழுந்தாலும் சரி, டிரைவர் மட்டும் எழுந்தாலும் சரி. கோப்புக்கு 99-ரிங் என்று பெயர் வைக்கிறான்.

"ஏத்தி இறக்கிப் பார்த்துரலாம்ணே."

மறுபடி ஒரே வரி. மறுபடி 24 கட்டங்கள் கறுக்கின்றன. சர்வீஸ் தொடங்குகிறது. வரிசை எண் 8. ரிங்: 512.

இளைஞன் கோப்பைத் திறந்து பார்க்கிறான். எழுத்துப் பிழை இல்லை. மூடுகிறான். மறுபடி திறக்கிறான். எம்ஏசி முகவரியை விரல் வைத்து வாசிக்கிறான், இரண்டிரண்டு எழுத்தாக, ஆறு முறை. சரிதான்.

பெரியவர் அடைவின் பட்டியலைக் கேட்கிறார். சிஸ்டம்டி தன்னோடு கொண்டுவந்த கோப்பு ஒன்று இருக்கிறது: 99-டிஃபால்ட். எல்லாக் கார்டுக்கும் பொருந்தும். அகர வரிசையில் முதலில் பொருந்தும் கோப்பு எதுவோ அது மட்டும்தான் செல்லும். மற்றவை திறக்கப்படுவதில்லை. ஆங்கில அகர வரிசையில் டிஃபால்டின் டி முன்னால். ரிங்கின் ஆர் பின்னால்.

கோப்பின் பெயர் 10-ரிங் ஆகிறது.

3.29. ஒரே வரி. கறுப்பு. சர்வீஸ் தொடங்குகிறது. கறுப்பு. சர்வீஸ் மறுபடி தொடங்குகிறது. கறுப்பு.

போன் அடிக்கிறது. யாரும் எடுக்கவில்லை.

இளைஞன் கார்டுகளின் பட்டியலைப் பார்க்கிறான். வரிசை எண் 10. பெயர்: ஈத்0. ரிங் 4096. ஐபி முகவரி இல்லை.

ஈத்0 பழைய பெயர். 2013இல் சிஸ்டம்டியின் 197ஆம் பதிப்பு வந்து, கார்டு எந்த ஸ்லாட்டில் இருக்கிறதோ அதைக்கொண்டு பெயர் வைக்கும் முறையைத் தொடங்கியது. அதற்கு முன் கர்னல் கார்டுகளைப் பார்த்த வரிசைதான் பெயர். முதலில் பார்த்தது 0. பெயர் எப்படி வைப்பது என்ற வரி 99-டிஃபால்டில் இருக்கிறது. 10-ரிங் முந்திக்கொண்டதால் அந்தக் கோப்பு திறக்கப்படவில்லை. ஐபி முகவரியைக் கொடுக்கும் கோப்பு இஎன்பி3எஸ்0எஃப்0 வரும் என்று காத்திருக்கிறது. ஈத்0 யாரென்று அதற்குத் தெரியாது.

4096 நினைவிருக்கிறது. பெயர் மறந்துவிட்டது.

பெரியவர் சிரிக்கிறார். இந்த இரவில் முதல் தடவை. இளைஞன் சிரிக்கவில்லை. 99-டிஃபால்டிலிருந்து பெயர் வைக்கும் வரியை நகலெடுத்து 10-ரிங்கில் ஒட்டுகிறான். சேமிக்கிறான். சேமித்ததைத் திறந்து பார்க்கிறான்.

மீண்டும் போன். பெரியவர் எடுக்கிறார்.

"அண்ணே..."

"அஞ்சே நிமிஷம்பா."

"இல்லண்ணே, சமையல் முடிஞ்சுது. எல்லாரும் படுத்துட்டாங்க. அவசரமில்லன்னு சொல்லத்தான்."

3.41. ஒரே வரி. கறுப்பு. சர்வீஸ் தொடங்குகிறது. அபிஷேகம் எரிகிறது. செய்தி எரிகிறது. பாட்டு சேனலில் வேறு படம் ஓடுகிறது, இது வண்ணத்தில். வரிசை எண் 12. பெயர் இஎன்பி3எஸ்0எஃப்0. ஐபி இருக்கிறது. ரிங் 4096. தவறவிட்டவை: 0.

இளைஞன் அந்தப் பூஜ்யத்தைப் பத்து நிமிடம் பார்க்கிறான். நடுவில் ஒரு முறை கையை அக்குளில் வைத்துச் சூடேற்றிக்கொள்கிறான்.

பெரியவர் வேலை அறிக்கையை எழுதுகிறார். கையெழுத்து சாய்ந்திருக்கிறது. டிரைவர் புதுப்பிக்கப்பட்டது. ரிங் அளவு 4096, கோப்பில் சேர்க்கப்பட்டது. டிரைவரை இறக்கி ஏற்றிச் சரிபார்க்கப்பட்டது. 'சரிபார்க்கப்பட்டது' என்பதன் கீழ் ஒரு கோடு. கைமாற்று ஆவணத்தின் முப்பத்தோராம் பக்கமாக 10-ரிங் கோப்பின் அச்சுப் பிரதி சேர்கிறது.

இளைஞன் அறிக்கையை வாங்கிப் படிக்கிறான். பேனாவைக் கேட்கிறான். அடியில் ஒரு வரி சேர்க்கிறான். மாற்றுச் சர்வர் பழுதுபார்த்து வந்ததும் அதற்குத் தனிக் கோப்பு எழுத வேண்டும். இந்தக் கோப்பு இந்த எம்ஏசி முகவரியை மட்டுமே அறியும், அந்தக் கார்டின் முகவரி வேறு.